கோட்டுக்குள் கிடந்த நேரம்

நாங்கள் நாலு பேரும் முதன்முதலில் சந்தித்தது சீனி வியாதிக்கான கிளினிக் வரிசையில். டாக்டர் எல்லோருக்கும் ஒரே புத்திமதி சொன்னார்: நடங்கள். பதுளையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மேடுதான் என்பதால், எங்கள் நடை மலை ஏறுவதில் போய் முடிந்தது. மாதத்தின் முதல் சனிக்கிழமை, காலை ஆறரைக்கு, பஸ் நிலையத்தில் கூடுவோம்.

நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவள். மற்ற மூவருக்கும் நான் டீச்சர். இன்னொரு பெண் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை மிஸ்ஸி என்போம். மூன்றாமவர் மடுல்சீமைப் பக்கம் தோட்டமொன்றில் வேலை பார்த்த கிளாக்கர் ஐயா. நான்காமவர் பதுளையில் புடவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், எங்களுக்கு நானா. இருதயத்துக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டே எங்களோடு மலை ஏறுவார்.

பத்து வருடம் நிறைந்தபோது, அதைக் கொண்டாட வேண்டும் என்றார் கிளாக்கர் ஐயா.

"எல்லா மலையும் ஏறிட்டோம். நான் பொறந்த மலைய மட்டும் நீங்க இன்னும் பார்க்கலயே" என்றார்.

நானா வீட்டிலிருந்து இனிப்புக்கு வட்டிலப்பம் வந்தது. மிஸ்ஸி எங்கள் மூவருக்கும் மஞ்சள் நிறத்தில் மழைக்கோட்டு வாங்கி வந்திருந்தார். தனக்கு வாங்கவில்லை. "என்கிட்டதான் பழசு ஒண்ணு இருக்கே" என்று பையைத் தட்டிக் காட்டினார்.

நான் இயல்பிலேயே பயந்தவள். பசறை தாண்டி வேன் வளைந்து ஏற ஏற, இரண்டு பக்கச் சரிவுகளையும் பார்த்தபடியே வந்தேன். மீரியபெத்தை மண்சரிவுக்குப் பிறகு, தூறல் விழுந்தாலே மண்ணில் வெடிப்பு இருக்கிறதா என்று தேடும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. அன்றும் தூறியது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைக் கடந்து தேயிலைக்குள் நடக்கும்போதும் என் கண் தரையில்தான் இருந்தது. மேலே பார்க்கத் தோன்றவில்லை.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "மேல காட்டோரமா போகாதீங்க. பெரிய மரத்துல குளவி கட்டியிருக்கு."

உண்மையில் அவை மலைத்தேனீக்கள். தோட்டத்து ஆட்களுக்கு எல்லாமே குளவிதான். கிளாக்கர் ஐயாவுக்கு அந்த மரம் தெரியும். அதைச் சுற்றிக்கொண்டு கீழ்ப்பாதையால் கூட்டிப்போனார். ஒரு தட்டைப் பாறையில் பாயை விரித்து உட்கார்ந்தோம். பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம். நான் ஒரு சின்ன ஜெபம் சொன்னேன். நானா வட்டிலப்பத்தை வெட்டி முதல் துண்டை மிஸ்ஸிக்குக் கொடுத்தார். "இன்ஷா அல்லாஹ், இன்னும் பத்து வருஷம் நடக்கோணும்" என்றார். மிஸ்ஸி சாப்பிட்டுவிட்டுப் படம் எடுப்பதற்காகப் பாறையின் ஓரத்துக்குப் போனார்.

அப்போது காட்டுக்கு மேலே ஒரு பருந்து சாய்ந்து இறங்கி, அந்தப் பெரிய மரத்தில் எதையோ அடித்துவிட்டு எழும்பியது. கிளாக்கர் ஐயாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். பிறகுதான் சத்தம் கேட்டது. மேட்டில் லொறி ஒன்று திணறி ஏறி வருவது போல இருந்தது.

"படுங்க! எல்லாரும் குப்புறப் படுங்க! அசையாதீங்க!"

அவர் நானாவை இழுத்துக் கீழே தள்ளி, இருவர் மேலும் பாயைப் போட்டுக்கொண்டார். நான் மழைக்கோட்டைத் தலைக்கு மேல் இழுத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கிக் கிடந்தேன். மிஸ்ஸி படுக்கவில்லை. ஓடினார். பத்துப் பன்னிரண்டு அடி ஓடி, தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓட வெட்டியிருந்த கானுக்குள் விழுந்தார். விழுந்த சத்தம் கேட்டது. அவருடைய பழைய கோட்டு இருந்த பை என் கால்மாட்டில் கிடந்தது.

கோட்டின் மேல் தேனீக்கள் ஊர்ந்தன. மெல்லிய பிளாஸ்டிக் ஊடாக அவற்றின் பாரம்கூட என் முதுகில் தெரிந்தது. உள்ளே என் மூச்சே எனக்குச் சுட்டது. கையில் ஒன்று கொட்டியது. வாயைக் கடித்துக்கொண்டேன்.

"டீச்சர்!" என்று மிஸ்ஸி கூப்பிட்டார். "கோட்ட கொண்டு வாங்க. என்னைய மூடுங்க!"

எனக்கு நன்றாகக் கேட்டது. எழுந்தால் ஏழெட்டு எட்டில் அவரிடம் போயிருக்கலாம். பையில் கோட்டு இருந்தது. எழ வேண்டும் என்று நினைத்துக் கையை ஊன்றினேன். அந்தச் சத்தம் காதருகே வந்தது. படுத்துவிட்டேன். அவர் மறுபடியும் கூப்பிட்டார். மறுபடியும் கையை ஊன்றினேன்; மறுபடியும் படுத்துவிட்டேன். அசையக் கூடாது என்று ஐயா சொன்னாரே, அசைந்தால் எல்லோரையும் கொட்டுமே என்று காரணங்களை அடுக்கிக்கொண்டேன். அவையெல்லாம் சரியான காரணங்கள்தான். ஆனால் என்னைப் படுக்க வைத்தது பயம் மட்டுமே. ஜெபம் பண்ணப் பார்த்தேன். "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை.

மூன்றாவது முறை அவர் கூப்பிடவில்லை. இருமல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. செத்துவிட்டார் என்றே நினைத்தேன். அப்படி நினைத்த பிறகும் எழும்பவில்லை.

சாக்கு எரியும் புகை மூக்கில் ஏறியபோது கோட்டை லேசாகத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு பெண்கள் தலையை மூடிக்கொண்டு குனிந்து வந்தார்கள். ஒருத்தி, எங்களை எச்சரித்தவள். கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டும் படங்கை அவிழ்த்து மிஸ்ஸியின் மேல் போட்டாள். பிறகு தன் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கத்திலேயே கானுக்குள் படுத்துவிட்டாள். மற்றவள் புகையும் சாக்கை வீசிக்கொண்டே நின்றாள்.

கொழுந்து லொறியில் மிஸ்ஸியைக் கிடத்திப் பசறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. நாக்குத் தடித்துப் பேச்சு வரவில்லை. அந்த நிலையிலும் தன் கை நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டையைத் தொட்டுக் காட்டி, அடைக்கிறது என்று சாடை செய்தார். நான் அடையாள அட்டையின் ஓரத்தால் கழுத்திலிருந்த கொடுக்குகளைச் சுரண்டி எடுத்தேன். நாற்பதுக்கு மேல் எண்ணவில்லை. வளைவுக்கு வளைவு லொறி சாய, அவர் மூச்சு விசிலடிப்பது போலக் கேட்டது. அது நின்றுவிடுமோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊசி போட்டுச் சற்று நேரத்தில் மூச்சு இளகியது. பிறகு பதுளைக்கு மாற்றினார்கள். படங்கு போட்ட பெண்ணுக்கும் கையிலும் கழுத்திலும் கொட்டியிருந்தது. பசறையில் வெளிவாசல் பெஞ்சில் மருந்துக்காக உட்கார்ந்திருந்தாள்.

"உனக்குப் பயமா இல்லயாம்மா?" என்று கேட்டேன்.

"பயம்தாங்க. பயந்துகிட்டேதான் ஓடியாந்தேன்" என்றாள். கையில் மருந்து பூச ஆள் வந்ததும் எழுந்து போய்விட்டாள்.

மூன்றாம் நாள் வார்டில் மிஸ்ஸியின் ஒரு கண் திறந்தது. சுற்றி யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொன்னேன்.

"நீங்க கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு."

"தெரியும்" என்றார்.

"எப்படி?"

"மஞ்சக் கோட்டு அசைஞ்சிச்சு. ரெண்டு தடவ. எழும்பப் போறீங்கன்னு நெனச்சேன்."

எனக்கு அழுகை வந்தது. "நீங்களா இருந்தா வந்திருப்பீங்க" என்றேன்.

"அதுவும் தெரியாது டீச்சர். மொதல்ல ஓடினது நான்தானே. ஓடும்போது உங்க யாரையும் நெனக்கல" என்றார். பிறகு தண்ணீர் கேட்டார். நான் கோப்பையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கோபமாக இருந்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதன்பிறகு நாங்கள் அதைப் பேசவில்லை.

அன்றைக்குப் பிறகு நானாவைப் பிள்ளைகள் வெளியே விடுவதில்லை. கிளாக்கர் ஐயா, தன் ஊருக்குக் கூட்டிப்போனதால் வந்த வினை என்று தன்னையே நொந்துகொண்டு, டெலிபோனில் மட்டும் பேசுகிறார். மூன்று மாதம் கழித்து ஒரு முதல் சனிக்கிழமை, மிஸ்ஸி என் வீட்டு வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றார். "பசறை ரோட்டுல கொஞ்ச தூரம், வாங்க" என்றார். மறுக்க எனக்கு முகமில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டாவது வளைவு வரை நடந்தோம். அங்கே மேட்டில் யாரோ மோட்டார் வாளால் மரம் அறுக்கத் தொடங்கினார்கள். அந்த இரைச்சல் வந்ததும் இருவருடைய கால்களும் ஒன்றாக நின்றன. மிஸ்ஸி என் முழங்கையைப் பிடித்தார். வாள்தான் என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு எட்டுக்கூட வைக்க முடியவில்லை. திரும்பி நடந்து, ரோட்டோரத் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தோம். பதுளை பஸ் வரும்வரை அவர் என் கையை விடவில்லை.