கப்பல் தாண்டதை ஆர் கண்டது?

அப்பா சாகக் கிடந்தார். ஜெர்மனியில், டுசல்டோர்ஃப் ஆஸ்பத்திரி ஒன்றில், ஜன்னலோரக் கட்டிலில். சாப்பாடே வேண்டாம் என்றுவிட்டார். கேட்டதெல்லாம் ஒன்றுதான். "என்ர அப்பருக்கு ஒரு பிண்டம் போடவேணும். போடாமல் அங்க போய் எந்த முகத்தோட அவருக்கு முன்னால நிக்கிறது?"

அப்பாவின் அப்பா சரக்குக் கப்பலில் கரி அள்ளிப் போட்டவர். உலக யுத்தத்தின்போது வங்காள விரிகுடாவில் ஜப்பான் கடற்படை அந்தக் கப்பலைச் சுட்டு மூழ்கடித்தது. கூடவே வேறு கப்பல்களும் போயினவாம். அவற்றில் ஒன்றிலிருந்து நீந்தித் தப்பிய ஊரவர் ஒருவர் வந்து, தாத்தாவின் கப்பல் எரிந்ததைக் கண்டேன் என்றார். "எரிஞ்சதைத்தானே கண்டனீர்? தாண்டதை ஆர் கண்டது?" என்று கேட்டாராம் அப்பாவின் அம்மா. மூழ்கியதைக் கண்ணால் கண்ட ஒருவர் வந்து சொல்லும்வரை அவருக்குப் புருஷன் உயிரோடுதான். கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை. எள்ளும் தண்ணீரும் இறைக்கக்கூட மகனை விடவில்லை. அவர் செத்த பிறகு இலங்கையில் எங்கள் யுத்தம், ஓட்டம், அகதி வாழ்க்கை. செய்யவேண்டியது செய்யாமலே கிடந்தது.

ஜப்பான்காரர் மேல் அப்பாவுக்கு இருந்த கோபம் சொல்லி மாளாது. விதியைப் பாருங்கள், வந்து சேர்ந்த ஊரில் ஒரு தெரு முழுக்க ஜப்பான் கடைகள். போதாக்குறைக்கு நான் சமைப்பதும் ஜப்பான் ரெஸ்டோரண்டில். "அப்பா, அங்க உள்ளவை அந்த நேரம் பிறக்கவேயில்லை" என்றால், "என்ர அப்பர் அந்த நேரம் இருந்தவர்" என்பார். அங்கிருந்து நான் கொண்டுவந்த ஒரு பருக்கையைக்கூட அவர் வாயில் வைத்ததில்லை.

கோயில் ஐயருக்குப் போன் எடுத்தேன். "செத்த திதி தெரியாட்டி அமாவாசையிலதான் செய்யவேணும் தம்பி, ஆத்தங்கரையில" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"ஐயா, அவர் அமாவாசை வரைக்கும் இருக்கமாட்டார்! விளங்குதோ?"

கத்திவிட்டு அழுதேன். ஐயர், "சரி, அழாதேங்கோ. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனவுடன எடுங்கோ. போனில மந்திரம் சொல்லுறன்" என்றார்.

மறுநாள் வேலை முடிந்து நேரே போனேன். காலையில் மனைவி வடித்துத் தந்த பாஸ்மதிச் சோறும் எள்ளும் கையில். தாதியிடம் ஒரு பேசின் தண்ணீர் வாங்கி, கட்டில் மேசையில் வைத்து, போனைப் பக்கத்தில் வைத்தேன். ஐயர் சொல்லத் தொடங்கினார். அப்பா சோற்றைப் பிடித்தார். ஒட்டவில்லை. விரல்களுக்கிடையால் உதிர்ந்து போர்வையில் கொட்டியது. மறுபடி பிடித்தார், மறுபடி கொட்டியது. நான் உருட்டிக் கொடுக்கப் போனேன்.

"விடடா. அவருக்கு மகன் நான், என்ர கையால குடுக்கவேணும்."

அடுத்ததும் உதிர்ந்தது. அப்பா குழந்தைபோல அழத் தொடங்கினார். "வாங்கிறாரில்லையடா. இவ்வளவு காலமும் பட்டினி போட்டனான் எண்டு கோவம். வாங்கிறாரில்லை."

என்னால் தாங்க முடியவில்லை. கடவுளே, ஒரேயொரு உருண்டை, அதுகூடவா இந்த மனுசனுக்கு இல்லை? அப்போதுதான் என் பையில் இருந்த சாப்பாட்டுப் பெட்டி நினைவுக்கு வந்தது. வேலையிடத்தில் எனக்கென்று போட்டுத் தந்த வெறுஞ்சோறு, களிபோல ஒட்டுகிற சோறு. மீன் வெட்டுகிற இடத்துச் சோறுதான். ஆசாரமாவது மண்ணாவது! எள்ளைத் தூவி அப்பாவின் உள்ளங்கையில் வைத்தேன்.

பிடித்தார். உருண்டை நின்றது. அழுகையும் நின்றது.

"இதென்ன சோறு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "வேலையிடத்துச் சோறு, அப்பா."

உருண்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எறியப் போகிறார் என்று பயந்து பேசினைப் பிடித்துக்கொண்டேன். ஐயரின் குரல் போனில் போய்க்கொண்டிருந்தது.

"யப்பான்காரன்ர சோறு" என்றார். பிறகு, "கப்பலைத் தாட்டவன் அவன்தானே. அவனே குடுக்கட்டும்."

தண்ணீரில் விட்டார். உருண்டை உடையாமல் மூழ்கி அடியில் போய் இருந்தது. அப்பா கழுத்தை நீட்டி, கண்ணை எடுக்காமல் அதையே பார்த்தார்.

"அம்மா," என்றார், "நான் கண்டனான்."