முகையூரில் பெய்யாத மழை

திண்டிவனத்தில் உட்கார்ந்துகொண்டு கடைகளுக்கும் சங்கங்களுக்கும் வெப்சைட் செய்து கொடுப்பது என் வேலை. விழுப்புரம் பக்கத்து விவசாயிகள் குழு ஒன்று மழை அளவுக்கு ஒரு பக்கம் கேட்டது. ஊருக்கு ஒருவர் தினமும் காலையில் வாசலில் வைத்த மழைமானியைப் பார்த்து அளவைப் பதிய வேண்டும், அது சார்ட்டில் பட்டையாகத் தெரிய வேண்டும். முகையூருக்கு என் கல்லூரித் தோழியைக் கேளுங்கள் என்று சொன்னது நான்தான். அது அவளுக்கும் தெரியும்.

மயிலத்தில் கல்லூரி படித்தபோது அவளும் நானும் ஒரே பெஞ்ச். ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி ஒன்றை வைத்துச் சார்ட் போட லேபில் ஒரே கம்ப்யூட்டரில்தான் கற்றுக்கொண்டோம். நாலைந்து வரி எழுதி எண்களைக் கொடுத்தால் போதும், பக்கம் திறந்ததும் பட்டைகள் தரையிலிருந்து எழும்பும். அதைப் பார்ப்பதற்காகவே அவள் திரும்பத் திரும்ப ரெஃப்ரெஷ் செய்வாள். லேப் பூட்டுகிறவர் வந்து திட்டினால்தான் கிளம்புவோம்.

கல்யாணமாகி முகையூர் போனாள். மல்லாட்டைக் கொல்லை, கடலை பறிப்பு, மாடு, மாமியார் என்று ஆகிவிட்டது. போன் செய்தால், அப்புறம் பேசறேன்டி என்பாள். அந்த அப்புறம் வரவே இல்லை. எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. இனி நானாகக் கூப்பிடுவதில்லை என்று இருந்துவிட்டேன். இருந்தேனே தவிர மனசு கேட்கவில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் முகையூர்ப் பட்டை எழும்பினால், அவள் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்வேன். மழை நின்ற பிறகுதான் பேஜாராகிவிட்டது. பூஜ்யம் போட்டாலும், ஒன்றுமே பதியாவிட்டாலும், சார்ட்டில் வெறும் தரைதான். அதனால் தினமும் உள்ளே போய்ப் பதிவைப் பார்ப்பேன். மற்ற ஊர்க்காரர்கள் தை மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள். அவள் மட்டும் பூஜ்யம் போட்டிருப்பாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு டீயே இறங்கும்.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு காலையில், முகையூர்ப் பட்டை உச்சி வரைக்கும் எழும்பியது. கார்த்திகைப் பட்டைகளெல்லாம் அதன் பக்கத்தில் குள்ளமாகிவிட்டன. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. தப்பான பதிவைப் போன் செய்து கேட்டுச் சரிசெய்வது என் வேலையாயிற்றே, ரோஷத்தை ஓரம் வைக்க எனக்கும் ஒரு சாக்கு கிடைத்தது. முதல் ரிங்கிலேயே எடுத்தாள்.

"உங்க ஊர்ல மழையா?" என்றேன்.

"இல்ல."

"அப்ப எதுக்குடி அவ்ளோ போட்ட?"

அவள் பக்கம் மாடு கத்தியது.

"இத்தினி நாளா கரெக்ட்டா போட்டுக்கினுதான் இருந்தேன். நீ ஒரு தபா கூட கூப்புடல."

இல்லடி என்று ஆரம்பித்தேன். அதற்குள் மாமியார் அழைக்கும் குரல். அப்புறம் பேசறேன்டி என்று வைத்துவிட்டாள்.

குழுவில் யாராவது கேட்பதற்குள் அந்த எண்ணைத் திருத்தியாக வேண்டும். அதற்கு முன் ஒருமுறை ரெஃப்ரெஷ் செய்தேன். பட்டை தரையிலிருந்து எழும்பியது. இன்னொரு முறை செய்தேன்.