சாயாமல் நிற்க வேண்டிய நாய்

எண்பதுகளில் திருச்சிக்கு மாற்றலாகி வந்த கால்நடை மருத்துவர் நான். நொண்டுகிற நாய்களையே பார்த்துப் பார்த்து, நல்ல நாய் எப்படி நிற்கும் என்பதே எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று ஒரு நாள் உறைத்தது. சின்ன எடை மெஷின்கள் நான்கு வாங்கினேன், காலுக்கு ஒன்றாக. நாய் ஏறி நின்றதும் எந்தக் காலில் எவ்வளவு எடை விழுகிறது, முள் எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க வேண்டும்.

நோயில்லாத நாயை டாக்டரிடம் யார் கொண்டுவருவார்கள்? நானேதான் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். ஸ்ரீரங்கத்தில் நான் குடியிருந்த வீட்டிலோ, வீட்டுக்கார மாமி நாயைத் தொட்டுவிட்டு வருகிறவள் என்று வாசலிலேயே நிறுத்தி, "தீர்த்தமாடிட்டு உள்ளே வாங்கோ" என்று குளிக்க அனுப்புவாள். வேலை நேரம் போக ஒரு நாளில் யாராவது என்னோடு பேசுகிற பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான்.

கே.கே. நகரில் மனைவியை இழந்த வாத்தியார் ஒருவர், கிறிஸ்தவர், ஒரு பழுப்பு நாயோடு தனியாக இருந்தார். கேட்டில் நின்று, "உங்க நாயை அளவெடுக்கணும் சார்" என்றேன். அவர் முகம் செத்துவிட்டது.

"போன வருஷம் என் வீட்டுக்காரிக்கு அளவெடுத்தாங்க, பெட்டி செய்ய. நாய்க்குமா? போங்கம்மா."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "இல்லீங்க, அது எப்படி நிக்குதுன்னு பாக்கணும், அவ்வளவுதான்" என்றேன்.

"பாக்கறதுன்னா பாருங்க" என்று கேட்டைத் திறந்தார்.

மெஷின்மேல் ஏறியதும் நாய் என் முழங்காலில் சாய்ந்துகொண்டது. சாய்ந்தால் கணக்கு வீண். தள்ளி நிறுத்தினேன்; திரும்பவும் சாய்ந்தது. அடுத்த ஞாயிறு வரச் சொன்னார். அப்புறம் அதற்கடுத்த ஞாயிறும். நாய் கெடுக்கக் கெடுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. காபி கொடுப்பார், பள்ளிக்கூடக் கதை சொல்வார். வாரம் முழுக்க அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் காத்திருந்தேன்.

ஒரு ஞாயிறு நாய் ஏறி நின்றது, நிமிர்ந்து, தன் பாட்டுக்கு. நான்கு முள்ளும் அசையவில்லை. பாழாய்ப்போன நாய்!

"பாத்தீங்களா, பழகிடுச்சு! வேலை முடிஞ்சுதுல்ல டாக்டரம்மா?" என்றார் வாத்தியார். உண்மையிலேயே எனக்காக மகிழ்ந்தார்.

"முடிஞ்சுதுங்க."

மெஷின்களைப் பையில் வைக்கத் தரையில் உட்கார்ந்தேன். நாய் இறங்கி வந்து என்மேல் முழுப் பாரத்தையும் போட்டுச் சாய்ந்தது. இப்போது அதைத் தள்ளிவிட அவசியமில்லை. வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம் அந்தத் தெருவுக்கு நான் போகவில்லை. என்ன சொல்லிக்கொண்டு போவது?