உப்பு அக்காவின் பொய்கள்

என் ஓரகத்தியைப் போல வாய் கூசாமல் பொய் சொல்கிற ஒருத்தியை நான் பார்த்ததில்லை. என் கணவரின் அண்ணன் மனைவி அவள். வீட்டின் கீழே அவர்கள், மாடியில் நாங்கள். பக்கத்துத் தொழிற்சாலை கேண்டீனில் அவள்தான் தலைமைச் சமையல்காரி. எத்தனை பேருக்கு ஆக்கினாலும் கண்ணளவிலேயே உப்புப் போடுவாள், ஒரு நாளும் பிசகாது. அங்கே அவள் கைப்பக்குவத்துக்கு அவ்வளவு மரியாதை. எங்கள் சந்திலோ அவள் பெயர் உப்பு அக்கா. தங்கமான மனசு, ஆனால் பாவம், உப்புப் போடத் தெரியாது என்று பேசிக்கொள்வார்கள்.

அந்தப் பெயரை அவளேதான் தேடி வாங்கிக்கொண்டாள். யார் வீட்டிலாவது அடுப்பு மூட்டவில்லை என்றால் அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

"உப்பு கொஞ்சம் கூடிப்போச்சுங்க. எங்க வீட்டுல ஒருத்தரும் தொடமாட்டேங்கறாங்க, கொட்டவும் மனசு வரல. நீங்க எப்படியாவது சமாளிச்சுக்குவீங்களா?"

உதவி கேட்டு வந்தவள் மாதிரி வாசலில் நிற்பாள். வாங்குகிறவர்களும் அவளுக்கு உபகாரம் செய்கிற தோரணையில் வாங்கிக்கொள்வார்கள். இதில் பெரிய கூத்து என்னவென்றால், பொய்யின் சாயம் வெளுத்துவிடக் கூடாதே என்று, கிளம்பும்போது அரைக் கரண்டி உப்பை உண்மையாகவே அள்ளிப் போட்டுக் கலக்குவாள். நன்றாக வந்த சமையலைத் தன் கையாலேயே கெடுக்கும்போது அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

பொய் அந்த வீட்டுக்கே குலத்தொழில். அவள் புருஷன் லாரி டிரைவர். ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாமல் யாராவது நின்றால், "ஏறுங்க, அந்த வழியாத்தான் போறேன்" என்பார். அவர் போக வேண்டிய கிடங்கு நேர் எதிர்த்திசையில் இருக்கும். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், பார்வை போய்த் தனியாக இருக்கிற டீச்சர் வீட்டுக்குப் போவாள். "எங்க வீட்டுல ஒரே சத்தம் டீச்சர், இங்க உக்காந்து படிச்சுக்கறேனே" என்று கேட்டு, டீச்சர் காதில் விழும்படி கதைப் புத்தகம் வாசிப்பாள். எங்கள் வீட்டில் சத்தம் போடுகிற ஒரே ஆள் நான்தான், அதுவும் மாடியில்.

எனக்கு இந்தச் சுற்றி வளைக்கிற வேலையெல்லாம் ஆகாது. ஒருநாள் கேட்டே விட்டேன். "ஏன்க்கா, இருக்குன்னா நேரே குடுத்துட்டுப் போறது. எதுக்கு இந்த நாடகம்?"

"நேரே நீட்டினா இன்னிக்கு வாங்கிப்பாங்க. நாளைக்கு நம்மளைக் கண்டா சந்தோட அந்த ஓரமா ஒதுங்கிப் போவாங்க. அப்புறம் யாருக்குடி குடுப்பே?" என்றாள், வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமலே.

எதிர் வீட்டு முன்னறைக்கு ஒரு பெயிண்டர் குடிவந்திருந்தான். மனைவி தவறிப்போய், கைக்குழந்தையோடு தனியாள். சாரத்திலிருந்து விழுந்து தோள்பட்டை விலகியதில் பிரஷ் பிடிக்க முடியாமல் வீட்டோடு கிடந்தான். அக்காவின் உப்புச் சாப்பாடு அங்கே போக ஆரம்பித்தது. அவனும் முகம் கோணாமல் வாங்கிக்கொண்டான். குழந்தைக்குப் பால் இல்லை என்று தெரிந்த அன்று, அக்கா ஒரு பாக்கெட்டை மகள் கையில் கொடுத்து, "கடைக்காரர் ஒண்ணு கூடப் போட்டுட்டார், எங்க வீட்டுல கெட்டுப்போகும்னு சொல்லு" என்று அனுப்பினாள்.

எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அந்தப் பெண்ணுக்குப் பழகிப்போன பொய் ஒன்றுதானே? பெயிண்டர் கதவைத் திறந்ததும், "அண்ணா, பால்ல உப்பு கூடிப்போச்சாம். அம்மா உங்களை எப்படியாவது சமாளிச்சுக்கச் சொன்னாங்க" என்று ஒப்பித்துவிட்டு ஓடி வந்துவிட்டாள்.

பிரிக்காத பாக்கெட்டில் உப்பு எப்படிக் கூடும்? மாடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். பெயிண்டர் சிரிக்கவில்லை. சற்று நேரத்தில் அதே பாக்கெட்டோடு எங்கள் வாசலுக்கு வந்தான்.

"இத்தனை நாளும் இதே கதைதானா அக்கா? நான் உங்ககிட்ட பிச்சை கேக்கலையே" என்று பாலை ஜன்னலில் வைத்துவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே குழந்தை வீறிட்டு அழுதது எங்கள் சமையலறை வரைக்கும் கேட்டது.

அக்கா இருப்புக் கொள்ளாமல் கொஞ்ச நேரம் நடந்தாள். பிறகு பாலை எடுத்துக்கொண்டு தானே போனாள். பொய் எதையும் கையோடு கொண்டுபோகாமல் அவள் ஒரு வாசலில் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

"தம்பி, நான் சொன்னதெல்லாம் பொய்தான். உப்பை நானேதான் அள்ளிப் போட்டேன். உங்க கோவம் நியாயம். ஆனா குழந்தைக்குக் கோவமெல்லாம் தெரியாது, பசி மட்டும்தான் தெரியும். வாங்கிக்கோங்க."

அவன் தலை நிமிராமல் வாங்கிக்கொண்டான். ஆனால் தோள் தேறி வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும், அக்காவைக் கண்டால் சந்தின் மறு ஓரமாக ஒதுங்கியே நடந்தான். "நான் சொன்னேன்ல" என்றாள் அக்கா. சொன்னது பலித்ததில் அவளுக்குத் துளியும் சந்தோஷம் இல்லை.

அதற்கப்புறம்தான் எங்கள் வீட்டுக்கே கஷ்டகாலம் வந்தது. லாரியிலிருந்து இறங்கும்போது கால் இடறி விழுந்து, அக்கா வீட்டுக்காரர் தொடை வரைக்கும் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். ஓட்டினால்தான் சம்பளம். தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் என்பதால் கேண்டீனும் மூடிக்கிடந்தது. கீழே தாளிக்கிற வாசனை குறைந்துகொண்டே வந்து, ஒருநாள் அடியோடு நின்றுபோனது. நான் என் வழக்கப்படி நேரே சாப்பாட்டைக் கொண்டுபோய் நீட்டினேன். "உங்களுக்கே இழுபறி. புள்ளைங்களுக்குப் போடு, போ" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அக்கா மகள் வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டவளுக்கு வாங்கிக்கொள்ளக் கை நீளவில்லை.

செய்தி சந்துக்குள் பரவியது. முதலில், அக்காவிடம் பலநாள் உப்புச் சாப்பாடு வாங்கிய தையல்காரம்மா மூடிய பாத்திரத்தோடு வந்தாள். "உப்பு கூடிப்போச்சு அக்கா, யாரும் தொடமாட்டேங்கறாங்க..."

அக்கா ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தாள். "உப்பு சரியாத்தான் இருக்கு. நல்லா சமைச்சிருக்கீங்க. வீட்டுல குடுங்க" என்று பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தாள். டீச்சர் கொடுத்தனுப்பிய சூப்புக்கும் அதே தீர்ப்பு. அவர்களுக்குப் பொய் சொல்லத் தெரிந்ததே தவிர, உப்புப் போடத் தெரியவில்லை. இந்தத் தொழிலில் கரைகண்டவளிடமே வந்தால் வேறென்ன நடக்கும்?

மறுநாள் காலை வாசலில் பெயிண்டர் நின்றான். சட்டையெல்லாம் சுண்ணாம்புத் துளிகள். இடுப்பில் குழந்தை, கையில் ஒரு தூக்கு, தோளில் ஒரு பெரிய பை. அக்கா எழுந்து நின்றாள். அவன் அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

"பால்ல உப்பு கூடிப்போச்சு அக்கா. குழந்தை தொடமாட்டேங்குது, கொட்டவும் மனசு வரல. நீங்கதான் எப்படியாவது சமாளிச்சுக்கணும்."

அக்கா தூக்கைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். குடித்தவள் முகம் அஷ்டகோணலாகப் போயிற்று. உண்மையாகவே கடல் தண்ணீர் மாதிரி உப்பு.

"பையில இருக்கிற மாவுலயும் முட்டையிலயும்கூட உப்பு விழுந்திருக்கும்னு நினைக்கிறேன்" என்றான் அவன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அக்காவுக்கு இருமல் வந்தது, சிரிப்பு வந்தது, கடைசியில் அழுகையும் வந்தது. தூக்கை வைத்துவிட்டுக் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "குடுங்க தம்பி. இவ்வளவு உப்பை என்னைத் தவிர யாராலயும் சமாளிக்க முடியாது" என்று பையை வாங்கிக்கொண்டாள்.

பிறகு உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டாள்.

"தையல்காரம்மா வீட்டுக்கு ஓடு. அந்தப் பாத்திரத்தைக் கேட்டு வாங்கிட்டு வா. அம்மாவுக்கு நேத்து நாக்கு சரியில்ல, உப்பு கூடத்தான் இருந்துச்சுன்னு சொல்லு. மறந்து வேற எதையாவது உளறிடாதே."