விளங்குது என்று தலையாட்டினேன்

பிள்ளைகளே, உங்கள் அக்காவிடம் நான் சொன்ன ஒரு பொய்யை எழுதுகிறேன்.

பல்கலைக்கழகத்தில் நிதியியல் படிக்கும் அவள், வகுப்பில் பேச வேண்டியதை முதலில் எனக்குத்தான் சொல்லிப் பார்ப்பாள். துறைமுக வேலை முடிந்து கொட்டாஞ்சேனை வீட்டுக்கு நடந்து வந்து, கதிரையில் சாய்ந்தபடி கேட்பேன்.

"விளங்குதா அப்பா?"

"ஓம் மகள், நல்லா விளங்குது."

ஒன்றும் விளங்கியதில்லை. தலையாட்டினால் சீக்கிரம் முடியும், கொஞ்சம் படுக்கலாம் என்று நினைத்தேன்.

கடைசி வருடப் பிரசென்டேஷனில் அவள் தேறவில்லை. அவள் சொன்னது யாருக்குமே விளங்கவில்லை என்றாராம் விரிவுரையாளர். வீட்டுக்கு வந்து என் முன்னால் இருந்தாள்.

"உங்களுக்கு விளங்கினதுதானே அப்பா?"

"இல்லை மகள். களைப்பில சும்மா தலையாட்டினனான்."

அவள் கோபப்படவில்லை. "எட்டாம் வகுப்புப் படிச்ச உங்களுக்கு விளங்கினா எல்லாருக்கும் விளங்கும் எண்டுதானே உங்களை இருத்தி வைச்சுச் சொன்னனான். விளங்கேல்லை எண்டு ஒருக்கா சொல்லியிருக்கலாமே."

என் களைப்பு உண்மைதான். ஆனால் அவள் என் தலையாட்டலை நம்பியல்லவா வகுப்பில் எழுந்து நின்றிருக்கிறாள்.

அடுத்த மாதம் அவள் மறுபடி பேச வேண்டும். மறுநாள் துறைமுகத்தில் சாப்பாட்டு நேரம், அவள் எழுதிய தாள்களைத் தனியே இருந்து வாசித்தேன். விளங்காத இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். முதல் வரியிலேயே போட வேண்டியிருந்தது.