இடமிருந்து மூன்றாவது பெண்

பாலே டீச்சரின் அம்மா, மகள் ஆடிய எல்லா நிகழ்ச்சிக்கும் போனவர். எல்லா நிகழ்ச்சியிலும் தப்பான பெண்ணுக்குக் கைதட்டியவர்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. டீச்சர் ஒரு பெரிய நடனக் குழுவில் சம்பளத்துக்கு ஆடினார். ஆடிய காலம் முழுக்கக் கூட்டத்தில்தான். கதாநாயகி நடுவில் சுழல்வார். பின்னால் இருபது பெண்கள் ஒரே வெள்ளை உடையில், ஒரே கொண்டையோடு, ஒரே உயரத்துக்குக் காலைத் தூக்குவார்கள். யார் யாரென்று தெரியக் கூடாது, அதுதான் வேலை. தெரிந்துவிட்டால் மறுநாள் திட்டு விழும். அம்மா முதல் நாளே இடமிருந்து மூன்றாவது பெண்ணைக் காட்டி, “அவதான்” என்று முடிவுகட்டிவிட்டார். மகளோ வலது ஓரத்தில், திரையை ஒட்டி ஆடிக்கொண்டிருந்தார்.

“இன்னைக்குக் கழுத்தை என்னமா வெச்சிருந்தடி!” என்று வீட்டுக்கு வந்ததும் அம்மா உருகுவார்.

“ஆமாம்மா” என்று சொல்லிவிட்டு டீச்சர் காலை வெந்நீரில் வைத்துக்கொள்வார். பாவம், ஆசையை எதற்குக் கெடுக்க வேண்டும்?

அந்த வீட்டில் இன்றைக்கும் ஒரு கதவுகூட ஒழுங்காகச் சாத்தாது. பாலே ஷூ புதிதாக வந்தால் விறைப்பாக இருக்கும். அதைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கித்தான் பழக்க வேண்டும். டீச்சரின் தொழில் வாழ்க்கை முழுவதும் அந்தக் கதவுகளில் பதிந்திருக்கிறது.

கணுக்கால் ‘போதும் தாயே’ என்று கும்பிடு போட்டதும் குழுவை விட்டு வந்தார். சும்மா இருக்க முடியவில்லை. அடுக்ககத்தின் பொதுக்கூடத்தில் வாரம் இரண்டு மாலை இலவச வகுப்பு ஆரம்பித்தார். ‘யாரும் வரலாம்’ என்று கதவில் ஒட்டினார். நிஜமாகவே யார் யாரோ வந்தார்கள். பஸ் ஓட்டும் அக்கா வந்தார். பல் டாக்டர் வந்தார். ஓய்வு பெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர், மனைவியைக் கொண்டுவந்து விட வந்தவர், மனைவி வருவதை நிறுத்திவிட்ட பிறகும் தொடர்ந்து வந்தார்.

“டீச்சர், என் ரெண்டு முட்டியும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிறதில்ல” என்பார் இன்ஸ்பெக்டர்.

“சார், நீங்க ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள என் பஸ் டிப்போவுக்கே போய்ச் சேர்ந்துடும்” என்பார் பஸ் அக்கா.

சுழல்வதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தலை கிறுகிறுக்காமல் இருக்க, எதிரே ஒரு பொருளைக் கண்ணால் பிடித்துக்கொள்ள வேண்டும். உடம்பு முதலில் திரும்பும்; தலை கடைசி நொடியில் வெடுக்கென்று சுற்றி அதே பொருளுக்கு வந்து நிற்கும். கூடத்துச் சுவரில் தீயணைப்புக்கான சிவப்பு வாளி ஒன்று தொங்கியது. “வாளியைப் பாருங்க!” என்றார் டீச்சர் முதல் நாள். அதன் பிறகு அந்த வகுப்பின் தாரக மந்திரமே அதுதான். பல் டாக்டர் வாயைத் திறந்து படுத்திருக்கும் நோயாளியிடமே ஒருமுறை சொல்லிவிட்டாராம்.

குடியிருப்போர் சங்கத் தலைவருக்கு மட்டும் இதெல்லாம் பிடிக்கவில்லை. கூடத்தில் டேபிள் டென்னிஸ் மேஜை போட வேண்டும் என்பது அவருடைய கனவு.

“இவங்க வயசுக்கு, விழுந்தா தூக்கிவிடவே நாலு பேர் வேணும். இவங்க காலைத் தூக்குறாங்களாம்” என்றார் கூட்டத்தில். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். “ஆண்டு விழாவுல மேடை ஏறி ஆடிக் காட்டட்டும். பார்க்குற மாதிரி இருந்தா கூடம் அவங்களுக்கு. இல்லன்னா மேஜை.”

விழா வாடகை அரங்கில். முன்கூட்டி அங்கே ஒத்திகை பார்க்க வழியில்லை. முன்வரிசையில் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டாவது வரிசையில் அம்மா.

இசை தொடங்கியது. கைகள் ஒன்றாக எழுந்தன, ஒன்றாக இறங்கின. டீச்சர் பக்கத்திரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் சுழற்சி வந்தது.

பஸ் அக்கா சுற்றி முடித்துப் பல் டாக்டரைப் பார்த்து நின்றார். பல் டாக்டர் பின்திரையைப் பார்த்து நின்றார். இன்ஸ்பெக்டர் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தார்.

டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. மேடையிலிருந்து பார்த்தால் எதிரே இருட்டும் கண்ணைப் பறிக்கும் விளக்கும்தான். வாளி இல்லை! புது மேடை ஏறினால் புதுப் பொருளைத் தேடிக்கொள்வது அவருக்கு மூச்சு விடுவது போல. மூச்சு விடு என்று யாராவது சொல்லிக்கொடுப்பார்களா? சொல்லிக்கொடுக்கவில்லை.

“டீச்சர், எங்க பார்க்குறது?” என்று பஸ் அக்கா உதட்டை அசைக்காமல் கேட்டார்.

இன்னொரு சுழற்சி பாக்கி இருந்தது. டீச்சர் சுற்றும் முற்றும் பார்த்தார். பக்கத்திரை ஓரமாக, எல்லா அரங்கிலும் இருப்பதுபோல, ஒரு சிவப்பு வாளி, பாதி மணலோடு. தூக்கினார். வீட்டுச் செருப்பும் பழைய ஸ்வெட்டருமாக நேரே மேடைக்கு நடந்தார். விளிம்புக்கு வந்து, பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டி, வாளியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். கணுக்கால் சுள்ளென்றது. நகரவில்லை.

மூன்று முகங்களும் மலர்ந்தன. மூன்று தலைகளும் வெடுக்கென்று சுற்றி வாளிக்கே வந்து சேர்ந்தன. இன்ஸ்பெக்டரின் தலை கொஞ்சம் தாமதம், ஆனால் வந்துவிட்டது. இதுவும் ஆட்டத்தில் சேர்த்திதான் என்று நினைத்துக் கூட்டம் சிரித்தது, பிறகு விசிலடித்தது.

முடிந்ததும் தலைவர் மேடைக்குப் பின்னால் வந்தார். முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

“அது நம்ம கூடத்து வாளியா?”

“இல்லைங்க. இது இந்த அரங்கத்தோடது. நம்மளுது சுவத்துலயே இருக்கு.”

“சரி, அது அங்கயே இருக்கட்டும்” என்றவர் இரண்டடி போய்த் திரும்பினார். “நீங்களும்தான்.”

பஸ் அக்கா இன்ஸ்பெக்டரின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

தலைவர் போனதும் அம்மா வந்தார். மகளை ஏற இறங்கப் பார்த்தார்.

“நடக்கும்போது உனக்கு இடது தோள் கொஞ்சம் இறங்குது.”

“சின்ன வயசுல இருந்தே இறங்கும்மா.”

“மேடையில ஆடினப்போ இறங்கவே இறங்காதே.” அம்மா யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் மாறியது. “அப்போ இத்தனை வருஷமா நான் யாருக்குடி கைதட்டினேன்?”

டீச்சர் வாளியை மெல்லக் கீழே வைத்தார்.

“அவளும் நல்லாத்தான் ஆடினாம்மா” என்றார்.