ஒரே குண்டில் போக வேண்டும்

திருப்பதியிலிருந்து வந்த பஸ் கண்டக்டர்தான் சொன்னார், ஏகாம்பரம் விடிகாலையில் போய்விட்டாராம். கால்நடை ஆஸ்பத்திரி வாசலில் ஓர் எருமைக்கு மருந்து புகட்டிக்கொண்டிருந்தேன். கேட்டதும் 'அப்பாடா' என்றுதான் எனக்கு வந்தது. சித்தூர் பஜாரில் அவருடைய அச்சுக்கூடத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டவர்கள் இதைப் படித்துக் கோபித்துக்கொள்ளலாம். கடைசி மாதங்களில் அவரைப் பார்த்தவர்கள் கோபிக்க மாட்டார்கள்.

எங்கள் பழக்கம் ஒரு வசவில் ஆரம்பித்தது. பாகாலா ஸ்டேஷன் அருகே கூட்ஸ் வண்டியில் அடிபட்டு ஒரு காளை கிடந்தது. பிழைக்காது. இந்த மாதிரி வேலைக்கென்றே மாமனார் வழியில் வந்த பழங்காலத்து ரிவால்வர் ஒன்று வைத்திருந்தேன், லைசென்ஸ் உண்டு. அதற்கான தோட்டா கடைகளில் வருவது எப்போதோ நின்றுவிட்டதால், சுட்ட பித்தளைக் கூடுகளிலேயே மறுபடி வெடிமருந்தும் குண்டும் வைத்து நானே தயார் செய்வேன். மீன்வலை ஈயத்தில் வார்த்த குண்டு, மிகவும் மெத்து. குழலுக்குள் ஈயம் அப்பிக்கொண்டு குறியைக் கெடுக்கும். அன்றைக்கும் கெடுத்தது. காளை போட்ட சத்தத்தில் பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. இரண்டாவது குண்டில்தான் அடங்கியது. ரயிலுக்குக் காத்திருந்த குள்ளமான மனிதர் ஒருவர் விறுவிறுவென்று என்னிடம் வந்தார்.

"ஒரே குண்டுல போவணும் டாக்டரே. முடியாட்டி அத்தத் தொடாதே."

அவர்தான் ஏகாம்பரம். திட்டியவர் அடுத்த வாரமே ஆஸ்பத்திரிக்கு வந்து ரிவால்வரைக் காட்டச் சொன்னார். ஈயத்தோடு குடித்தனம் நடத்துகிறவனுக்குத் தெரியாததா, வலை ஈயம் எதற்கும் உதவாது, அச்செழுத்து ஈயம்தான் கெட்டி என்றார். ஆனால் எழுத்தைத் தருவதாக மட்டும் சொல்லவில்லை. அப்போது அவருக்கு மூச்சுவிட நேரமில்லாத காலம். ஆந்திர ராஜ்யம் பிரிந்து, எல்லைத் தகராறு உச்சத்தில் இருந்தது. சித்தூர் சென்னையோடு சேர வேண்டும் என்று தமிழில் ஒரு கட்டு நோட்டீஸ், கூடாது என்று தெலுங்கில் ஒரு கட்டு. இரண்டையும் அடித்தது அவருடைய மிஷின்தான். இரண்டு கட்சியும் அவரைத் துரோகி என்றது, இரண்டும் மறுபடி அவரிடமே வந்தது.

பிறகு எல்லை முடிவானது. திருத்தணி சென்னைப் பக்கம் போனது, சித்தூர் ஆந்திராவிலேயே நின்றது. கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழ் வேலை வருவது குறைந்தது. ஒரு நாள் மத்தியானம் தேய்ந்த தமிழ் எழுத்துகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து என் வீட்டுக் கொல்லையில் கொட்டினார். நிஜமாகத்தானா என்று கேட்டேன்.

"எழுத்துக்கு வேல இல்ல. ஈயத்துக்காவது இருக்கட்டும்" என்றார்.

முகத்தை என் பக்கம் திருப்பாமலே ஈயம் உருக்க அடுப்பை ஊதினார். அன்று அவர் பேச்சைக் கேட்டு வெறும் எழுத்து ஈயத்திலேயே வார்த்தோம். கண்ணாடி மாதிரி குண்டுகள் வந்தன. அவருக்குத் தலைகால் புரியவில்லை. தோட்டாவாக்கிப் போட்டுப் பார்த்தால் ரிவால்வரின் அறைக்குள் ஒன்றுகூட நுழையவில்லை. அந்த ஈயம் ஆறும்போது அவ்வளவாகச் சுருங்காது, குண்டு ஒரு மயிரிழை பெருத்துவிடும் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கவில்லை. அவர் வார்ப்பு அச்சைத் திட்டினார், நான் அவரைத் திட்டினேன். எல்லாவற்றையும் பிரித்து, குண்டுகளை வலை ஈயத்தோடு கலந்து மறுபடி வார்த்த பிறகுதான் சரியாக வந்தது. குண்டைக் கூட்டின் வாயில் அழுத்தி உட்காரவைக்கும் டை என்ற கருவி இருக்கிறதே, அதன் உயரமும் சரியில்லை. மிச்சம் கிடந்த எல்லை நோட்டீஸிலிருந்து வட்டமாக ஒரு துண்டு வெட்டி டையின் அடியில் கொடுத்தார். அச்சு மேடையில் பள்ளமான எழுத்தைத் தூக்க அவர் செய்யும் வேலைதான் அது.

திருப்பதி மலையடிவாரத்து அலிபிரியில் ஒரு ஜட்கா குதிரைக்குக் கால் முறிந்தபோது அவரும் கூட வந்தார். வண்டிக்காரரைத் தள்ளி உட்காரவைத்துவிட்டு, தன் துண்டால் குதிரையின் கண்ணைக் கட்டினார். சுட்டேன். காலை உதறக்கூட இல்லை. வண்டிக்காரர் ஓடி வந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். ஏகாம்பரம் துண்டை அவிழ்க்காமலே திரும்பி நடந்தார்.

தொண்டையில் வந்த நோய் அவரைத் திருப்பதியில் மகன் வீட்டில் படுக்கப்போட்டது. விழுங்க முடியாது, தூங்க முடியாது. போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். மகன் காபி கொண்டுவர உள்ளே போனதும் என்னைக் கிட்ட வரச்சொன்னார். குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது.

"மாட்டுக்கெல்லாம் பண்ணியே டாக்டரே. என்னெ இப்பிடி இழுத்துக்கினு கெடக்க வுட்டியே."

தமாஷ் என்று எடுத்துக்கொள்ளத்தான் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காபி வந்தது, ஆறியது. மறுநாள் ரிவால்வரைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டேன். வயசாகிவிட்டது, கை நடுங்குகிறது என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். கை நடுங்கவில்லை. அவர் இன்னொரு தரம் கேட்டால் என்ன செய்வேனோ என்ற பயம்தான்.

இனி அந்தப் பயம் இல்லை. டை மட்டும் என் மேஜையில் இருக்கிறது, அடியில் அவர் வெட்டிக் கொடுத்த காகிதத்தோடு. அதை நான் கழற்றப்போவதில்லை. ஒரே குண்டில் முடிக்க முடியாவிட்டால் தொடாதே என்று அன்று அவர்தான் சொன்னார். முடியவில்லை ஏகாம்பரம். கையைத்தான் பிடிக்க முடிந்தது.